பள்ளிக்கூடம் உறங்கும் கூடமா?

எண்ணூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் கேட்டான்: "பள்ளியறை என்றால் உறங்கும் அறை. அப்படியானால் பள்ளிக்கூடம் உறங்கும் கூடமா, சார்?" வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். விடை தேடுவோமா?

இது பள்ளி, கூடம் என்ற இரு சொற்கள் சேர்ந்த தொடர். கூடம் என்பது பலர் கூடக்கூடிய பெரிய அறை. பள்ளி என்பதற்குப் படுக்கை, தங்குமிடம், துறவியர் உறைவிடம் எனப் பல பொருள்கள் உண்டு.

இதற்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றின் குகைகளில் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பணியாளன் ஒருவன், கணி நந்தன் என்னும் சமண முனிவருக்குப் பள்ளி அமைத்துத் தந்ததை அவற்றுள் ஒன்று கூறுகிறது. பாறையில் செதுக்கிய படுக்கைகளையும் அங்கே காணலாம்.

படுக்கை எப்படிப் பாடசாலை ஆயிற்று? உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு கல்வியையும் தானமாகக் கருதியவர்கள் சமணர்கள். முனிவர் தங்கிய பள்ளியிலேயே பிள்ளைகளும் பாடம் கேட்டிருப்பர். அதனால் இடத்தின் பெயர் கல்விக்கும் ஆகிவந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. கல்வியைத் தானமாகக் கருதும் எண்ணம் சமணரோடு நின்றுவிடவில்லை. நம் திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிக்க இருந்த மண்டபத்தை 13ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு 'வியாகரண தான' மண்டபம் என்றே குறிக்கிறது.

இன்னொரு வியப்பு. ஆங்கில 'ஸ்கூல்', சுவீடன் நாட்டு 'ஸ்கூலா' இரண்டுக்கும் மூலம் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல். அதன் முதற்பொருள் ஓய்வு! தொடர்பில்லாத இரு மொழிகள்; இரண்டிலும் கல்விக்கூடத்தின் பெயருக்கு அடியில் இளைப்பாறுதல் இருக்கிறது.

இது சோம்பல் அன்று. வயிற்றுப்பாட்டு வேலையிலிருந்து விடுபட்டுச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம். எண்ணூர் முதல் இராயபுரம் வரை தொழிற்கூடங்கள் பல. தொழிற்கூடம், பள்ளிக்கூடம் இரண்டிலும் கூடம் ஒன்றுதான், முற்பாதியே வேறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஓய்வு கிடைத்துவிடவில்லை. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டமே 2009இல்தான் வந்தது. பள்ளிக்கு வராமல் வேலைக்குப் போகும் சிறுவன் இழப்பது பாடத்தை மட்டுமல்ல, இந்த நேரத்தையுந்தான்.

இனி உங்கள் முறை. பள்ளியெழுச்சி, பள்ளிவாசல் — இவற்றில் 'பள்ளி' எந்தப் பொருளில் வருகிறது? கண்டுபிடியுங்கள்!