வயிற்றில் அடிபட்ட பிறகு வாந்தியா? எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் இல்லை!

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையோ, ராசிபுரம் பக்கத்துக் கிராமச் சாலையோ, வண்டியோடு விழுந்தால் நாம் முதலில் பார்ப்பது தலையையும் கை காலையும்தான். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதை "லேசான அடிதான், சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம். சைக்கிளில் விழுந்த பிள்ளைகள் பல நேரம் வீட்டில் சொல்வதே இல்லை. ஓரிரு நாள் கழித்துக்கூட வாந்தி தொடங்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரைப்பைக்கு அடுத்த முன்சிறுகுடல், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. ஹேண்டில்பாருக்கும் எலும்புக்கும் நடுவே அது நசுங்கினால், குடல் சுவருக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். சுவர் வீங்க வீங்க, உணவு போகும் வழி குறுகிவிடும். சாப்பிட்டது கீழே இறங்காமல் வாந்தியாகும். பச்சை நிறத்திலும் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அடிபடாமலேகூட இப்படி ஆவதுண்டு.

சிகிச்சை எப்படி?

சி.டி. ஸ்கேனில் குடல் கிழியவில்லை என்று உறுதியானால், பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. குடலுக்கு ஓய்வு கொடுப்பதே வைத்தியம்.

• வாய் வழியாக எதுவும் தர மாட்டார்கள்.
• மூக்கு வழியாக டியூப் போட்டு, இரைப்பையில் தேங்குவதை வெளியேற்றுவார்கள்.
• ட்ரிப்ஸ் ஏறும். தேவைப்பட்டால் சத்தும் நரம்பு வழியாகவே போகும்.

கட்டிய ரத்தம் பொதுவாக 1 முதல் 3 வாரங்களில் கரைந்துவிடும். "ஒண்ணுமே செய்யாம படுக்க வெச்சிருக்காங்க" என்று நினைத்து, பாதியில் டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். குடல் கிழிந்திருந்தாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, வாரங்கள் கடந்தும் அடைப்பு நீங்காவிட்டாலோதான் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

• வயிற்றில் அடிபட்டு வலியோ வாந்தியோ இருந்தால் சோடா, கஷாயம், வலி மாத்திரை வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
• விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.
• உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் சீட்டைக் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• வயிறு கல் மாதிரி இறுகினாலோ, காய்ச்சல், மயக்கம், கறுப்பு மலம் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கட்டணம்?

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் பக்கத்திலேயே உள்ளன. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம்.