தீப்பொறியும் நிறமாலையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. அதன் சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலைகள் பல உள்ளன. அகவை முதிர்ந்தோர் புதிய தொழில்நுட்பத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதை அறிய உலைக்கூடத்தைவிடச் சிறந்த இடம் அரிது.

எஃகின் உறுதியைத் தீர்மானிப்பது அதிலுள்ள கார்பனின் அளவு. அதனைக் கண்ணாலேயே மதிப்பிடும் பழைய முறை ஒன்று உண்டு. சாணைக்கல்லில் எஃகைத் தேய்த்தால் பொறி பறக்கும். கார்பன் குறைவாயின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி மறையும். மிகுதியாயின் கிளைகிளையாக வெடித்துச் சிதறும். இவ்வேறுபாட்டை நுட்பமாக உணர்வதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியே ஒரு தொழிலாளிக்கு மதிப்பையும் கூலியையும் தேடித் தந்தது.

இன்று அப்பணியை நிறமாலைமானி செய்கிறது. உருகிய எஃகில் சிறிதளவு முகந்து அச்சில் ஊற்றிக் குளிர்விப்பர். அதன் முகத்தைத் தேய்த்துச் சமன்செய்து கருவியில் வைத்து மின்பொறி பாய்ச்சுவர். அப்போது அணுக்கள் உமிழும் ஒளியைக் கருவி பிரித்தறிந்து, ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரையில் காட்டிவிடும்.

நாற்பது ஆண்டுகள் பழகிய கண்ணைவிட இந்தப் பெட்டி அறிந்துவிடுமா என்று மூத்த தொழிலாளி ஒருவர் கேட்பது இயல்பே. அதனைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமன்று. தம் திறமைக்கு இனி மதிப்பிருக்குமா என்னும் அச்சமே அக்கேள்வியில் ஒலிக்கிறது.

எனினும், பொறியைப் பார்க்கும் கண்ணுக்குப் பாஸ்பரசும் கந்தகமும் அளவோடு புலப்படா. பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786, ‘எஃப்இ 500டி’ வகைக் கம்பியில் அவ்விரண்டும் தனித்தனியே 0.040 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்கிறது. நிலநடுக்கத்தில் வளைந்து கொடுக்க வேண்டிய கம்பி முறிந்தால், வீட்டில் உறங்குவோரின் உயிர் போகும். இந்த இடத்தில் கண் கருவிக்கு வழிவிட்டே ஆகவேண்டும்.

கருவிக்கும் எல்லை உண்டு. சிலிக்கா பூசிய சாதாரண மின்தூண்டல் உலையில் பாஸ்பரசை நீக்க இயலாது. உள்ளே போடும் இரும்பைத் தேர்ந்தெடுப்பதே வழி. குவியலைக் கண்டதும் இது எதன் உடைசல் என்று சொல்வதும், ஈரமான இரும்பையும் மூடிய உருளைகளையும் உலையில் விழுந்து வெடிக்குமுன் விலக்குவதும் அனுபவத்தின் வேலை.

இளமையில் புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் ஓங்கியிருக்கும். அகவை கூடக்கூட அது தளரும். கற்றும் பட்டும் சேர்த்த அறிவோ நெடுங்காலம் நிலைக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியவர் உளவியலறிஞர் ரேமண்ட் கேட்டல். ஆதலின் முதியவர் மெதுவாகக் கற்பதைக் கற்க இயலாமை எனக் கொள்ளலாகாது. விரல் தடுமாறும்போது சிரிக்கும் இளைஞர் அருகிலிருந்தால் மட்டும் கற்பது கடினந்தான்!

ஜப்பானைச் சேர்ந்த மசாகோ வகாமியா வங்கிப் பணியாளராக இருந்தவர். அறுபது வயதையொட்டிக் கணினி கற்றார். கைப்பேசி விளையாட்டுகள் முதியோரின் விரல்களுக்கு எட்டாத விரைவில் இருப்பதைக் கண்டு, 2017ஆம் ஆண்டு, தம் 81ஆம் வயதில், பொம்மைகளைப் படிகளில் முறையாக அடுக்கும் விளையாட்டுச் செயலி ஒன்றைத் தாமே உருவாக்கினார். அச்செயலியின் தேவையை அவருக்கு உணர்த்தியது அவருடைய முதுமையே.

உலைக்கூடத்திலும் இத்தகைய தருணங்கள் உண்டு. மாதிரியில் கசடோ காற்றுத்துளையோ இருந்தால் நிறமாலைமானி தவறான எண்ணைக் காட்டும். எண்ணை மட்டும் நம்புபவர் அதனைக் குறித்துக்கொண்டு நகர்வார். கருவியையும் கற்றுக்கொண்ட மூத்த தொழிலாளியோ திரையை ஒருமுறை பார்ப்பார்; மாதிரியைப் புரட்டிப் பார்ப்பார்; பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் உலையை நோக்கி நடப்பார்.