கல்லில் நார் உரிக்கும் கார்ல்சன்

துபாய், 2021 டிசம்பர் 3. உலக சதுரங்க சாம்பியன் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டம். மாக்னஸ் கார்ல்சனிடம் ராஜாவோடு ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்கள். இயான் நெபோம்னியாச்சியிடம் ராஜாவும் ராணியும் மட்டுமே. பலகையில் ஏழு காய்கள் மிஞ்சினால் எந்த நிலைக்கும் கணினியிடம் துல்லியமான விடை உண்டு. இந்த நிலைக்கு அது சொன்ன விடை: டிரா. ஆனால் ஏழு மணி நேரத்துக்கும் மேலாக ஆடிக் களைத்த மனிதர், கடிகாரம் ஓட ஓட, அந்த விடையை ஒவ்வொரு முறையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். 130-வது நகர்த்தலில் நெபோம்னியாச்சியின் ராணி தவறான கட்டத்துக்குப் போனது. 136-வது நகர்த்தலோடு அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டப் போட்டி வரலாற்றில் அவ்வளவு நீண்ட ஆட்டம் அதற்கு முன் நடந்ததில்லை.

முன்னாள் உலக சாம்பியன்களில் மிகாயில் தால் காய்களை வாரிக் கொடுத்து எதிராளியின் ராஜா மீது பாய்வார். காரி காஸ்பரோவ் வீட்டிலேயே ஆழமாகத் தயாரித்த தொடக்க நகர்த்தல்களால் திணறடிப்பார். கார்ல்சனுக்குத் தொடக்கத்தில் பெரிய சாதகம் வேண்டியதில்லை. இருவரும் சொந்தமாக யோசித்தாக வேண்டிய நிலை வந்தால் போதும். மற்றவர்கள் டிரா என்று கை குலுக்கும் நிலையிலும் அவர் காய்களைக் கட்டம் கட்டமாக நல்ல இடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு நகர்த்தலும் எதிராளிக்கு ஒரு புதிய சிக்கல்.

சென்னை இதை 2013 நவம்பரில் நேரில் பார்த்தது. விஸ்வநாதன் ஆனந்துடன் நடந்த உலகப் பட்டப் போட்டியில் முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் யானைகள் மிஞ்சிய இறுதிக்கட்டத்துக்கு வந்தன, இரண்டையும் ஆனந்த் காப்பாற்றியிருக்கலாம்; இரண்டிலும் தோற்றார். ஆறாவதில் கார்ல்சன் சிப்பாய்களை விட்டுக்கொடுத்து, ராஜாவின் துணையோடு ஒரு சிப்பாயை முன்னேற்ற வழி தேடினார். 60-வது நகர்த்தலில் ஆனந்த் சிப்பாயைத் தள்ளியிருந்தால் தப்பியிருப்பார். யானையை நகர்த்தினார், ஆட்டம் கைநழுவியது. இறுதிக்கட்டங்களை நன்கு அறிந்த ஆனந்தே அங்கே தடுமாறினார் என்பதுதான் கார்ல்சன் தந்த நெருக்கடிக்கு அளவுகோல்.

எதிராளியைத் தவறவைப்பவர் தானும் தவறக்கூடாது. 2018 முதல் 2020 வரை 125 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களில் கார்ல்சனை யாராலும் வெல்ல முடியவில்லை. 2014 மே மாதம் அவர் எட்டிய 2882 தரவரிசைப் புள்ளிகளே இதுவரையிலான உச்சம்.

இந்த விடாப்பிடி அவரையே கவிழ்த்ததும் உண்டு. 2016-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், சமநிலையில் இருந்த எட்டாவது ஆட்டத்தை, எப்படியாவது வெல்ல வேண்டும் என்று அளவுக்கு மீறி நெருக்கி, செர்கேய் கர்யாகினிடம் தோற்றார். அதற்காக ஆடும் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பத்தாவது ஆட்டத்தை 75 நகர்த்தல்கள் வரை இழுத்து வென்று, புள்ளிக் கணக்கைச் சமன் செய்தார்.