உஷார்! பெயர் மறந்து பெட் நம்பர் மட்டும் நினைவிருக்கிறதா?

இளம் டாக்டர்களே, டியூட்டி முடிந்ததும் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வருகிறதா? அது களைப்பு. தூங்கி எழுந்தால் தீரும். ஆனால் காலை ரவுண்ட்ஸில் நோயாளியின் பெயர் வாயில் வராமல் "அந்தப் பதினாலாம் பெட்" என்றே வருகிறதா? துணைக்கு வந்த அம்மா ஒரே சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுகிறீர்களா? அங்கேதான் ஆபத்து. அதன் பெயர் பர்ன்அவுட்.

மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல்போவது, செய்யும் வேலையில் பயனில்லை என்று தோன்றுவது. பர்ன்அவுட்டை அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981ல் வெளியிட்ட அளவுகோல் பார்ப்பது இந்த மூன்றைத்தான். இரண்டாவது அடையாளம் நமக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடும். "அனுபவசாலி ஆகிவிட்டேன்" என்றுகூட நினைத்துக்கொள்வோம்.

"சேவைன்னு வந்துட்டா தூக்கம் பார்க்கக் கூடாது" என்பார்கள் சீனியர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனமே 2019ல் பர்ன்அவுட்டை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992லேயே வரம்பு சொன்னது. 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றது. அப்படியும் 36 மணி நேர டியூட்டி பல இடங்களில் வழக்கமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கண் சொருகும் நேரத்தில் எழுதும் டோஸ் ஒரு புள்ளி தள்ளிப்போனால் என்ன ஆகும்?

முதலில் தூக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, எந்த வேலைக்காக இந்தப் படிப்புக்கு வந்தீர்களோ, அதைக் கைவிடாதீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட கணக்கு இது: தங்களுக்கு மிகவும் அர்த்தமுள்ள வேலையில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது செலவிட்ட மருத்துவர்களில் சுமார் 30 சதவீதம் பேரிடம் பர்ன்அவுட் இருந்தது, அந்த அளவு நேரம் கிடைக்காதவர்களில் சுமார் 54 சதவீதம். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான்! ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பதோ, சர்க்கரை நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதோ, எதுவானாலும் துறைத் தலைவரிடம் கேட்டு அந்த நேரத்தை வாங்கிவிடுங்கள்.

கூட இருப்பவர்களும் உஷார். நேற்றுவரை கலகலப்பாக இருந்தவர் திடீரென ஒதுங்கினால், "இருந்து என்ன ஆகப்போகுது" என்றால், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.