சிக்கனம் என்னும் சொல்லும் கூப்பன் அரிசியின் வரலாறும்

சிக்கனம் என்பது நமது வழக்கில் ஒரு குடும்பப் பண்பைக் குறிப்பது. ஆனால் அச்சொல் அரசின் வரவுசெலவுத் திட்டத்துள் நுழையும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. வீட்டிற் சிக்கனஞ் செய்பவர் தமது பங்கைக் குறைத்துக்கொள்கின்றார். அரசு சிக்கனஞ் செய்யுமிடத்துக் குறைவது பிறரது உணவு. இவ்வுண்மையை இலங்கையின் கூப்பன் அரிசி வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1942இல் போர்க்காலத் தட்டுப்பாட்டின் நிமித்தம் புகுத்தப்பட்ட பங்கீட்டு முறை, போர் முடிந்த பின்னரும் நிலைத்தது. பொருளியலாளர் இதனை மானியம் என்றனர். ஆயின், பெற்ற கூலி குடும்பத்தின் உயிர்வாழ்வுக்குப் போதாதிருந்த நிலையில், அக்குறையை அரிசியாக ஈடுசெய்த சமூகக் கூலியே அது எனலாம்.

1953 யூலையில் டட்லி சேனநாயக்க அரசாங்கம், ஜே. ஆர். ஜயவர்த்தன நிதியமைச்சராயிருந்தபோது, கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டு அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூடின. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று ஓகஸ்ட் 12ஆந் திகதி மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். விலையுயர்வு எல்லா வீடுகளையும் ஒரே நாளில் தாக்கியது. எதிர்ப்பும் ஒரே நாளில் திரண்டது.

இடதுசாரிகள் தம் வரலாற்றையும் மறைத்தலாகாது. 1973 - 74 உணவு நெருக்கடியிற் பங்கீடு குறைக்கப்பட்டபோது நிதியமைச்சராயிருந்தவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா. அக்காலத்தில் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. உலகச் சந்தையின் உணவு விலையேற்றம் அதற்கொரு காரணமே. எனினும் அதன் சுமை எவர்மீது இறக்கப்பட்டது என்பதே கேள்வி.

1977இன் பின்னர் முறை மாறிற்று. 1978இற் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக ரூபாப் பெறுமதி பொறித்த உணவு முத்திரை வந்தது. இம்மாற்றத்தின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. கொத்துக் கணக்கிலான அரிசி பணவீக்கத்தாற் சுருங்குவதில்லை; ரூபா சுருங்கும். சில ஆண்டுகளில் முத்திரையின் வாங்குசக்தி ஏறத்தாழப் பாதியாயிற்று. இதற்கு எவரும் விலையுயர்வை அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே எதிர்த்தெழுவதற்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. முத்திரை பெற்றோரும் பெறாதோரும் எனச் சனங்கள் இருகூறாயினர். பலருடைய சிறு கூலிகள் சேர்ந்து வருமான எல்லையைத் தாண்டியதாற் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டனர். 1980 யூலையில் 300 ரூபாச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தோரில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். 1953இல் வெளிப்படையான விலையுயர்வு முழுமையாகச் சாதிக்காததை, தெரிவும் பணவீக்கமும் சேர்ந்து ஓசையின்றிச் சாதித்தன.

இது பழங்கதையன்று. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021இல் 13 சதவீதமாயிருந்த வறுமை மறுவருடம் 25 சதவீதமாயிற்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை வந்தது. 2022இல் 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதத்தை எட்டியது. வரிக்குட்பட்ட ஒரு பொருளை வாங்குங்கால் தோட்டத் தொழிலாளியும் தோட்ட முதலாளியும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர். நிவாரணமோ 2023இல் வந்த அஸ்வெசுமத் திட்டத்தின்வழி மீண்டும் தெரிவுக்குட்பட்டது. உரிமையாக இருந்தது விண்ணப்பமாயிற்று.

அரசின் ஏட்டிற் பற்றாக்குறை குறையும்போது அது மறைந்துபோவதில்லை. வீட்டின் அடுப்படிக்கு இடம் மாறுகின்றது. அங்கு அதனை ஈடுசெய்பவள் கடைசியாக உண்ணும் தாய். அவள் விட்ட வேளை உணவு எந்த ஏட்டிலும் செலவாகப் பதியப்படுவதில்லை. ஆதலின் சிக்கனம் என்ற சொல்லைக் கேட்குந்தோறும், எவரது சோற்றிலிருந்து அச்சேமிப்பு எடுக்கப்பட்டது என்று வினவுதல் ஆய்வாளரின் கடமையாகும்.