கைவிடப்பட்ட மோட்டார் வண்டிகள்

நகரத்துத் தெருக்களில் நடப்போர் கண்களுக்குப் பழகிப்போன காட்சியொன்று உண்டு. மதிலோரத்திலோ மரத்தடியிலோ மோட்டார் வண்டியொன்று நிற்கும். அதன் சக்கரங்கள் காற்றிழந்து நிலத்தோடு படிந்திருக்கும்; கண்ணாடிமேல் புழுதி திரண்டிருக்கும்; கூரைமேல் பல பருவத்துச் சருகுகள் மக்கிக் கிடக்கும். அதனை நிறுத்தியவர் யாவரென வினவின், "யாருடையதோ!" என்பதே அயலார் கூறும் விடையாகும். ஆயினும், பதிவு பெற்ற வண்டி எதுவும் சட்டத்தின் கண்ணில் உடையவரற்றதன்று. தெருவில் விட்டுச் செல்வதால் ஒருவருடைய உரிமையும் ஒழிவதில்லை, பொறுப்பும் ஒழிவதில்லை. இவ்வுண்மையைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இத்தகைய வண்டியால் விளையும் கேடு யாதெனக் காண்போம். நடைபாதையை அஃது அடைத்துக்கொள்ளின், முதியோரும் குழந்தைகளும் வண்டிகள் விரையும் வழியில் இறங்கி நடக்க நேரிடும். மழைக்காலத்தில் அதன் டயர்களிலும் உடைந்த உறுப்புகளிலும் நீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு தேக்கங்களையே நாடி முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும். நீர் வற்றினும் முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கும். கொசு பெருகத்தக்க நீரைத் தேங்கவிடலாகாது என 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் விதித்தது. அச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் வழங்கி வருகின்றது.

இனி, வண்டியைப் பற்றிய சட்டத்தை நோக்குவோம். நம் நாட்டில் இப்பொழுது நடைபெறுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமாகும். பிறர்க்கு அபாயமோ, தடையோ, மிகுந்த இடையூறோ உண்டாகும் வகையில் வண்டியைப் பொதுவிடத்தில் விட்டுவைத்தலை அதன் 122-ஆம் பிரிவு தடுக்கின்றது. பொதுவிடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டோ, கவனிப்பாரின்றியோ நிற்கும் வண்டியை இழுத்து அகற்றவும், அதன் சக்கரத்தைப் பூட்டிவைக்கவும், சீருடையணிந்த போலீஸ் அதிகாரி ஆணையிடலாம் என்பது 127-ஆம் பிரிவு. நொறுங்கியதும், எரிந்ததும், பாதி கழற்றப்பட்டதுமான வண்டி போக்குவரத்துக்கு அபாயம் விளைக்குமாயின், அதனை உடனே அகற்றலாம். இழுத்துச் சென்ற கூலி முழுவதும் உடையவரையே சாரும்; அபராதம் வேறு.

"பத்து மணி நேரம் என்று சட்டம் கூறவும், பத்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்பானேன்?" என நேயர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. வண்டியை அகற்றுதல் எளிது. அதன்மேல் ஒருவருக்குள்ள உரிமையை அகற்றுதல் எளிதன்று. பழுது பார்க்கவியலாத வண்டியின் பதிவை அதிகாரிகள் தாமே நீக்கலாம். ஆனால் அதற்குமுன் வண்டியைச் சோதிக்கவேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள விலாசத்திற்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, உடையவர் கூறுவதைக் கேட்கவேண்டும். விலாசத்தில் இருந்தவரோ வீடு மாறியிருப்பார், அல்லது காலஞ்சென்றிருப்பார், அல்லது பெயர் மாற்றாமலே வண்டியை விற்றிருப்பார். காலதாமதத்திற்கு இவையெல்லாம் காரணமாகின்றன. எனினும், அறிவிப்பு வேண்டுமென்னும் விதியைக் குறைகூறுதல் தகாது. நோயுற்றுப் படுத்திருக்கும் ஏழையொருவனுடைய வண்டியும் தெருவில் நிற்கக்கூடுமன்றோ?

கைவிட்டவருக்கு இதனால் நேரும் இன்னல் சிறிதன்று. பழைய வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பதிவை அப்படியே விட்டுவிடுவோர் பலர். அவ்வண்டி மீண்டும் ஓடி விபத்து விளைப்பின் யாது நேரும்? விற்கப்பட்டுப் பலர் கைமாறிய வண்டியொன்றால் நேர்ந்த விபத்தைக் குறித்து 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடையவர்; நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளியும் அவரே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆதலின், உபயோகமற்றுப்போன வண்டியை முறைப்படி ஒழித்தலே அறிவுடைமை. அழிந்த அல்லது நிரந்தரமாகப் பயனற்ற வண்டியைப் பற்றி உடையவர் 14 நாட்களுக்குள், அல்லது கூடிய விரைவில், பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்துச் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டுமென 55-ஆம் பிரிவு கூறுகின்றது. 2021-ஆம் ஆண்டில் வெளியான மத்திய விதிகளின்படி, பதிவுபெற்ற பிரித்தழிக்கும் நிலையங்களும் ஏற்பட்டுள்ளன. கொணர்ந்த வண்டி களவாடப்பட்டதா என அவை முன்னரே ஆராயும். வண்டியைப் பெற்றமைக்கு ஒன்றும், பிரித்தழித்தமைக்கு ஒன்றுமாக இரு சான்றுகள் அவற்றால் வழங்கப்படும்.

இராஜாங்கத்தாரும் இவ்விஷயத்தில் குறையற்றவரல்லர். வழக்குகளிற் கைப்பற்றிய வண்டிகள் போலீஸ் நிலைய வாயில்களில் துருவேறிக் கிடத்தலை யாவரும் அறிவர். அவற்றை நெடுங்காலம் வைத்திருத்தல் பயனற்றதென்றும், தக்க ஜாமீன் பெற்று உரியவரிடம் ஒப்புவிக்கவேண்டுமென்றும், உரிமை கோருவாரில்லையேல் ஏலத்தில் விற்கலாமென்றும் உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டிலேயே உரைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, இவ்விதப் பொருள்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விரைவில் முடிவு செய்யுமாறு கால எல்லையும் வகுத்துள்ளது.

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தின் புறத்தே பாட்டனார் ஓட்டிய ஸ்கூட்டர் ஒன்று நிற்கக்கூடும். விடுமுறையில் ஊர் சென்றதும் அதன் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். எவர் பெயரில் உள்ளதெனப் பாருங்கள். உடையவர் காலஞ்சென்றிருப்பின், வாரிசின் பெயருக்கு மாற்றச் சட்டம் வழி வைத்திருக்கின்றது. ஓடுமாயின் ஓட்டுக, ஓடாதாயின் முறைப்படி ஒப்படைத்துச் சான்று பெறுக. நமக்கு உழைத்த பொருளை நாமே நன்முறையில் முடித்துவைத்தல், அயலாருக்கு வழிவிடுவதோடு நம் குடும்பத்தையும் காக்கும்.