பல்லி ஏன் கீழே விழுவதில்லை, அப்பா?

சின்னக் குழந்தை கேள்வி கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறோம். ‘எப்படிக் கேக்குது பாருங்க’ என்று பக்கத்து வீட்டில் சொல்கிறோம், போனில் மாமாவிடம் சொல்கிறோம். அத்தோடு கேள்வி தீர்ந்துபோகிறது. பதில் மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். என் மகளுக்கு நாலரை வயது. அவள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அவள் எதையோ உற்றுப் பார்த்திருக்கிறாள். அதைச் சோதித்துப் பார்க்கவும் பெரும்பாலும் நம் வீடே போதும்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். மனைவியின் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது மேற்குத் தொடர்ச்சி மலை வலது கைப்பக்கமாகவே வரும். மூன்றாம் பிறை பார்ப்பது நல்லது என்பதால் மனைவி மலைக்கு மேலே தேடிக் காட்டுவாள். ஒரு முறை மகள் கேட்டாள்: “நிலா ஏம்ப்பா நம்மகூடவே வருது? அதுக்கும் ராஜபாளையம்தானா?”

ரோட்டோரப் புளியமரத்தைப் பார்க்கச் சொன்னேன். விருட்டென்று பின்னால் போனது. தள்ளியிருந்த தென்னந்தோப்பு மெதுவாகப் போனது. மலை அதைவிட மெதுவாக. நிலா அப்படியே இருந்தது. பக்கத்தில் இருப்பதைக் கடக்கும்போது அதைப் பார்க்கும் திசை சட்டென்று மாறிவிடுகிறது. தூரம் கூடக்கூட அந்த மாற்றம் குறைகிறது. நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நாங்கள் வந்த சுமார் 12 கி.மீ. பயணத்தால் அது வானத்தில் இடம் மாறித் தெரிவது, அதன் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இருட்டும்போது அது கீழே இறங்குவது பூமி சுழல்வதால்; எங்கள் பைக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவள், “அப்ப மலையும் கொஞ்சம் கொஞ்சம் நம்மகூட வருதுப்பா” என்றாள். எனக்குப் பூரித்துவிட்டது. 1838இல் பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தது இந்த ஒரே விதியை வைத்துத்தான். சூரியனைச் சுற்றி வரும் பூமிதான் அவருக்கு பைக். அருகிலுள்ள நட்சத்திரம், தொலைவில் உள்ளவற்றுக்கு முன்னால் துளி நகர்ந்து தெரிந்தது.

பல்லி விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. என் அம்மா பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டு வந்தவர். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று அவர் படித்துக்கொண்டிருந்தபோது பேத்தி குறுக்கே புகுந்தாள். “அப்பத்தா, நம்ம வீட்டுப் பல்லி விழவே மாட்டேங்குதே, ஏன்?”

பதில் சமையலறை ஜன்னலில் இருந்தது. ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்காகப் பல்லி வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது ஒட்டியிருக்கும்போது உள்ளேயிருந்து பார்த்தால் அடிவயிறு முழுக்கத் தெரியும். சினைப் பல்லியாக இருந்தால் வெளிறிய தோலுக்குள் இரண்டு முட்டைகள்கூடத் தெரியும். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு விரல்களைக் காட்டினேன். ஒவ்வொரு விரலின் அடியிலும் குறுக்காக மடிப்பு மடிப்பாகக் கோடுகள். காலை எடுக்கும்போது பல்லி விரலை நுனியிலிருந்து மேல்பக்கமாகச் சுருட்டுகிறது, பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரிப்பது போல.

அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவின் டோக்கே பல்லிக்கு ஒரு பாதத்தில் மட்டும் சுமார் ஐந்து லட்சம். ஒவ்வொரு முடியின் நுனியும் மறுபடி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. பசை கிடையாது. காற்றை உறிஞ்சிப் பிடிப்பதும் கிடையாது. அந்த நுனிகள் சுவரை மிக மிக நெருங்குவதால், சுவரின் மூலக்கூறுகளுக்கும் பாதத்தின் மூலக்கூறுகளுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு வருகிறது. வாண்டர் வால்ஸ் விசை என்பது இதன் பெயர். ஒரு முடிக்கு அது அற்பம். லட்சக்கணக்கில் சேர்ந்தால் பல்லியின் எடையைப் போல் பல மடங்கு தாங்கும். கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2000இல் ஒற்றை முடியின் பிடியையே அளந்து காட்டினார்கள்.

மகளுக்கு வேறு கவலை. “ராத்திரியெல்லாம் பிடிச்சிக்கிட்டே இருந்தா கை வலிக்காதா?” இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இறந்த பல்லியின் பாதமும் உயிருள்ளதைப் போலவே பிடிக்கிறது என்று 2014இல் கண்டார்கள். அதாவது ஒட்டியிருக்க அது தசையை இறுக்க வேண்டியதில்லை. இறந்ததைச் சொல்லாமல், வலிக்காது என்பதை மட்டும் சொன்னேன். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து வெகுநேரம் பார்த்தார்.

மகளின் அடுத்த கேள்வி, குளித்தால் விரல் ஏன் சுருங்குகிறது என்பது. அது தண்ணீரில் ஊறுவதால் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்த விரல் சுருங்குவதில்லை. 1930களிலேயே மருத்துவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். நரம்பின் கட்டளையால் ரத்தக் குழாய் குறுகி, உள்ளே கன அளவு குறைந்து, மேல்தோல் மடிகிறது. சுருங்கிய விரல் ஈரக் கோலிகளை வேகமாக எடுக்கிறது என்று 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் சொன்னார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு குழு அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றது. ஆக, வாளியில் கோலிக்குண்டைப் போட்டு விளையாட எங்கள் வீட்டில் நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது.

இப்போதைய கேள்வி மாவு. “நேத்து பாதிதானே இருந்துச்சு, யாரு ஊத்துனா?” இரண்டு டம்ளர் எடுத்தோம். ஒன்றில் அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவு, இன்னொன்றில் வெறும் அரிசி மாவு. மாவின் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட். காலையில் முதல் டம்ளரில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி விளிம்புக்கு வந்திருந்தது. அரிசி மாவு அதே இடத்தில், மேலே சில குமிழிகளோடு. தானியத்தோடு வரும் லூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. அந்த வாயு தப்பிப் போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும். அரிசி மாவில் வாயு வந்தாலும் தங்குவதில்லை. இட்லி பஞ்சு மாதிரி வருவதற்கு உளுந்து எவ்வளவு முக்கியம் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு மூன்றாவதாக ஒரு டம்ளர் வேண்டும் என்றார். வெந்தயம் கூடப் போட்டால் ரப்பர் பேண்டைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.